கோட்டுக்கு வெளியே ஒரு நாற்காலி

சடுகுடுவுக்கு ஒரு காலத்தில் எதுவுமே தேவைப்படவில்லை. பந்து வேண்டாம், மட்டை வேண்டாம், செருப்புகூட வேண்டாம். செட்டிநாட்டுக் கண்டரமாணிக்கத்தைச் சுற்றிய ஊர்களில் கண்மாய் வற்றிக் கரம்பை வெடிக்கிற மாதங்களில் ஆளுக்கொரு பக்கம் நின்று, குச்சியால் ஒரு கோடு இழுத்தால் ஆட்டம் தொடங்கிவிட்டது. மூச்சை அடக்கிப் பாடிக்கொண்டு ஒருவன் எதிர்ப்பக்கம் போவான். தொட்டுவிட்டுத் திரும்பினால் அவன் பேர் ஊரெல்லாம். பிடிபட்டால் முட்டி தேய்ந்து, மண்ணைத் துப்பிக்கொண்டு எழுவான். கோட்டுக்கு உள்ளே ஆடுகிறவர்கள் இருந்தார்கள், வெளியே பார்க்கிறவர்கள் இருந்தார்கள். மூன்றாவதாக ஒருவருக்கு அங்கே இடம் இருந்ததில்லை. அந்த மூன்றாமவர் வந்து உட்கார ஏறத்தாழ நூறு வருடம் ஆயிற்று. முதல் அசைவு நிகழ்ந்ததோ, சடுகுடு என்ற சொல்லையே கேட்டிராத ஓர் ஊரில்.

1895 ஆகஸ்ட் 29. வட இங்கிலாந்தில் ஹடர்ஸ்ஃபீல்டு என்ற ஆலை நகரம். அங்கிருந்த ஜார்ஜ் ஹோட்டலில் ரக்பி கிளப்களின் ஆட்கள் கூடினார்கள். அந்தக் கிளப்களில் ஆடியவர்களில் பெரும்பாலோர் சுரங்கத்திலும் பஞ்சாலையிலும் வேலை பார்த்தவர்கள். ஆட்டத்துக்குப் போனால் அன்றைய கூலி போயிற்று. இழந்த கூலிக்கு ஈடாக நாளொன்றுக்கு 6 ஷில்லிங் கொடுக்கலாமே என்று கேட்டதற்கு லண்டன் பெரியமனிதர்கள் முகம் சுளித்தார்கள். காசு வாங்கி ஆடுவது ஆட்டத்துக்கே இழுக்கு என்பது அவர்கள் கட்சி. அன்று மாலை வடக்கத்திக் கிளப்கள் பிரிந்து வந்தன. ரக்பி லீக் என்று பின்னாளில் பெயர் பெற்ற ஆட்டம் அப்படிப் பிறந்தது. 1906இல் அணிக்கு 15 பேர் என்பது 13 ஆயிற்று. பிடிபட்டவன் எழுந்து, பந்தைக் காலால் பின்னே உருட்டிவிட்டு ஆட்டத்தைத் தொடரலாம் என்றும் வந்தது. சம்பளம் வந்தபின் கணக்கு வந்தது. கணக்கு வந்தால் அதைப் பார்க்க ஓர் ஆள் வேண்டுமே.

இந்தியாவில் அந்த நேரத்தில் கபடி என்கிற சடுகுடுவுக்கு ஒரே மாதிரியான விதிகூடக் கிடையாது. அடிபட்டவன் தன் பக்கத்துக்காரன் எதிரியை அடித்தால் மறுபடி உள்ளே வரலாம் என்றது ஒரு வகை. போனவன் போனவன்தான், ஒரு பக்கம் முழுதாகக் காலியாகும்வரை வெளியே நிற்கட்டும் என்றது இன்னொன்று. அடிபட்டாலும் களத்தைவிட்டு நகர வேண்டாம், புள்ளி மட்டும் கணக்கில் ஏறட்டும் என்றது மூன்றாவது. சஞ்சீவனி, காமினி, அமர் என்று இவற்றுக்கு மராட்டியத்தில் பெயர். 1920களின் தொடக்கத்தில் மராட்டியத்திலும் பரோடாவிலும் சிலர் உட்கார்ந்து விதிகளை எழுதினார்கள். 1936இல் அமராவதியின் ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டலத்தார் கப்பலேறி, பெர்லின் ஒலிம்பிக் நடந்த சமயத்தில் ஐரோப்பியர் முன் கபடி ஆடிக் காட்டினார்கள். பார்த்தவர்கள் வியந்தார்கள், கைதட்டினார்கள். ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள ஒருவரும் முன்வரவில்லை. சொல்லிக் கொடுக்க அங்கே தங்கிவிட்டவரும் யாரும் இல்லை. கற்றுக் கொடுக்க ஆள் இல்லாத ஆட்டம் கடல் தாண்டாது என்ற பாடம் உறைக்க இன்னும் 40 வருடம் ஆனது.

1950இல் அகில இந்திய கபடிக் கூட்டமைப்பு வந்தது. 1961 மே 7 அன்று பாட்டியாலா மகாராஜாவின் மோதிபாக் அரண்மனையில் தேசிய விளையாட்டு நிறுவனம் திறக்கப்பட்டது. என்.ஐ.எஸ். என்ற அந்த மூன்றெழுத்து, நம் ஊர் உடற்பயிற்சி ஆசிரியர்களின் பெயருக்குப் பின்னால் பட்டம்போல ஏறி நின்ற காலம் ஒன்று உண்டு. ஹாக்கிக்கும் தடகளத்துக்கும் அங்கே பட்டயப் படிப்பு நடந்தது. கபடிக்கு உடனே கதவு திறக்கவில்லை. மண்ணில் பிறந்தவனுக்குத் தானாக வருகிற ஆட்டம், இதைப் போய் வகுப்பில் சொல்லித்தருவதா என்ற நினைப்பு நெடுநாள் கோலோச்சியது. இந்த நினைப்புதான் கபடிக்குப் பெரிய எதிரி என்பது என் கருத்து. ஒன்றை இயல்பாக வருவது என்று சொல்லிவிட்டால், அதற்குப் பின்னால் உள்ள உழைப்பையும் அறிவையும் யாரும் பார்ப்பதில்லை. 1970களின் தொடக்கத்தில்தான் கபடி அங்கே பாடமானது. அதற்குச் சில வருடம் முன்பே, ஆஸ்திரேலியாவில் ஒரு முரட்டு மனிதர் கோட்டுக்கு வெளியே இருந்தபடி ஓர் ஆட்டத்தைப் புரட்டிப் போடத் தொடங்கியிருந்தார்.

ஜாக் கிப்சன் அவர் பெயர். ரக்பி லீக்கில் முன்வரிசையில் மோதி ஆடிய பலசாலி. 1966 பருவத்தில் சிட்னியின் ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் அணி ஓர் ஆட்டத்தில்கூட ஜெயிக்கவில்லை. யாரும் தொடத் தயங்கிய அந்த அணியை அடுத்த ஆண்டு கிப்சன் ஏற்றார். வந்த வருடமே அணி அரையிறுதிச் சுற்றை எட்டியது. அதோடு அவர் திருப்தியடையவில்லை. அமெரிக்கா போனார். சான்ஃபிரான்சிஸ்கோவின் ஃபார்ட்டிநைனர்ஸ் அணிக்குப் பயிற்சியாளராக இருந்த டிக் நோலனோடு பழகி, அமெரிக்கக் கால்பந்தில் எப்படிக் கணக்கு வைக்கிறார்கள் என்று பார்த்தார். திரும்பி வந்ததும் ஒவ்வொரு வீரனும் ஓர் ஆட்டத்தில் எத்தனை பிடி போட்டான், எத்தனை தவறவிட்டான் என்று எண்ண வைத்தார். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனுக்குத்தான் அதுவரை கைதட்டல். பிடிக்கிறவனின் பெயரை முதன்முதலாகத் தாளில் ஏற்றியவர்களில் கிப்சன் முன்வரிசைக்காரர்.

1974லும் 1975லும் ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் கோப்பையை வென்றது. 1981இல் அவர் பாரமட்டா அணிக்குப் போனார். 1947இல் லீக்கில் சேர்ந்ததிலிருந்து ஒரு தடவைகூடப் பட்டம் காணாத அணி அது. முதல் வருடமே ஜெயித்தது. சந்தோஷம் தலைக்கேறிய ரசிகர்கள் தங்கள் சொந்த மைதானமான கம்பர்லண்ட் ஓவலின் பார்வையாளர் மேடைக்கே தீ வைத்துவிட்டார்கள். 1982, 1983இலும் பட்டம் அங்கேயே தங்கியது. ஐந்து பட்டங்கள். அத்தனையும் காலில் பூட்ஸ் மாட்டாமல், கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து வாங்கியவை. அந்த இருக்கைக்கு எத்தனை வலிமை என்று ரக்பி லீக் அறிந்துகொண்டது. கபடியில் அதே இருக்கை இன்னும் தச்சன் கைக்கே வரவில்லை.

1979இல் சுந்தர் ராம் என்பவர் ஜப்பானுக்குப் போனார். ஆசிய கபடிக் கூட்டமைப்பு முந்தைய வருடம்தான் உருவாகியிருந்தது. அதன் சார்பில் இரண்டு மாதம் ஊர் ஊராகச் சுற்றி, கபடி என்றால் என்னவென்று ஜப்பானியருக்குச் சொல்லிக் கொடுத்தார். 43 வருடம் முன்பு பெர்லினில் நடந்தது வேடிக்கை. இதுதான் வகுப்பு. 1980இல் கல்கத்தாவில் முதல் ஆசியக் கபடிப் போட்டி நடந்தது. 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் கபடி காட்சி ஆட்டமாக இடம்பெற்றது. 1990 பெய்ஜிங்கில் பதக்க ஆட்டமாயிற்று. தங்கம் இந்தியாவுக்கு. 1994 ஹிரோஷிமாவிலும் தங்கம். அந்த அணியில் இருந்த மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவித்தான் பின்னாளில் ‘பைசன்’ படம் வந்தது. 1998, 2002, 2006, 2010, 2014 என்று வரிசையாக ஏழு தங்கம். தோற்கவே மாட்டோம் என்றிருந்த வீட்டில் வெளியே உட்கார்ந்திருப்பவர் யார் என்று எவரும் கவலைப்படவில்லை. நம்மிடம் பயிற்சி பெற்ற பயிற்சியாளர்கள் பிழைப்புக்காக விமானம் ஏறிக்கொண்டிருந்ததும் பெரிதாகக் கண்ணில் படவில்லை.

இடையில் ஓர் அதிர்ஷ்டம் அடித்தது. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் கபடிக்கு வர்ணனை செய்யச் சாரு சர்மா போனார். கிரிக்கெட் வர்ணனையில் பெயர் வாங்கியவர். தொலைக்காட்சிக்கு ஏற்ற அத்தனை சரக்கும் இந்த ஆட்டத்துக்குள் இருப்பதை அங்கே பார்த்தார். சின்னக் களம், 40 நிமிடம், ஒவ்வொரு மூச்சிலும் ஒரு முடிவு. அந்த எண்ணம் எட்டு வருடம் ஊறிக் கிடந்தது. ஆனந்த் மஹிந்திராவும் சாரு சர்மாவும் சேர்ந்து தொடங்கிய மஷால் ஸ்போர்ட்ஸும் ஸ்டார் தொலைக்காட்சியும் கைகோத்து, 2014 ஜூலை 26 அன்று மும்பையில் புரோ கபடியைத் தொடங்கின. முதல் ஏலத்தில் அதிக விலை போனவர் ராகேஷ் குமார், 12 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். கிரிக்கெட் ஏலத்துக்கு முன்னால் அது சில்லறை. ஆனால் முதல் பருவத்தை 43 கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்ததாகக் கணக்கு வந்தபோது அந்தச் சில்லறையைக் கேலி பேசியவர்கள் அடங்கினார்கள்.

புதிய விதிகள்தான் எல்லாவற்றையும் மாற்றின. ஒரு பாட்டுக்கு 30 விநாடிதான். தொடர்ந்து இரண்டு முறை வெறுங்கையோடு திரும்பினால், மூன்றாவது முறை புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லையேல் பாடிப் போனவன் வெளியே. களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது பிடித்தால் கூடுதலாக ஒரு புள்ளி. ஆக, இரண்டாவது பாட்டில் வேண்டுமென்றே சும்மா திரும்புவதா, மூன்றாவதுக்கு யாரை அனுப்புவது, மூன்று பேர் மிஞ்சியபோது நான்காமவனை உயிர்ப்பிப்பது லாபமா நட்டமா என்று நொடிக்கு நொடி கணக்குப் பார்க்க வேண்டியதாயிற்று. மூச்சிரைக்கிறவனால் இந்தக் கணக்கைப் போட முடியாது. இடைவேளை கேட்டு நிறுத்தி, கார்னரில் நிற்கிறவன் காதிலும் கவரில் நிற்கிறவன் காதிலும் சொல்ல வெளியே ஓர் ஆள் தேவைப்பட்டார். பயிற்சியாளரின் நாற்காலி அங்கேதான் கபடியில் நிலைகொண்டது. கேமரா அந்தப் பக்கமும் திரும்பியது. அப்போதுதான் ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது.

2014 ஆகஸ்ட் 31, முதல் இறுதிப் போட்டி. ஒரு பக்கம் ஜெய்ப்பூர் பிங்க் பேந்தர்ஸ், மறுபக்கம் யூ மும்பா. இரு நாற்காலியிலும் பாஸ்கரன்கள்! ஜெய்ப்பூருக்குத் தமிழ்நாட்டுக்காரரான காசிநாதன் பாஸ்கரன். மும்பைக்குக் கேரளத்துக்காரரான எடச்சேரி பாஸ்கரன். ராஜஸ்தானும் மகாராஷ்டிரமும் மோதிய ஆட்டத்தைத் தெற்கத்தி மூளைகள் இரண்டு நடத்தின. 35-24 என்று தமிழர் ஜெயித்தார். அடுத்த பருவத்தில் கேரளத்துப் பாஸ்கரன் மும்பைக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்துக் கணக்கைச் சமன் செய்தார். 2017இல் தமிழ்த் தலைவாஸ் அணி உருவானபோது முதல் பயிற்சியாளராகக் காசிநாதன் பாஸ்கரன் வந்தார். அவருக்குப் பின் அதே நாற்காலிக்கு எடச்சேரி பாஸ்கரனும் வந்தார். உள்ளூரில் நாற்காலிக்கு மரியாதை வந்துவிட்டது. வெளியூரில் அதே நாற்காலி நம்மை நோக்கித் திரும்பியிருந்தது.

முதல் அடி 2016 அக்டோபர் 7 அன்று விழுந்தது. அகமதாபாத்தில் உலகக் கோப்பையின் தொடக்க ஆட்டம், இந்தியாவுக்கு எதிராகத் தென் கொரியா. சொந்த மண், நிறைந்த அரங்கம். பெரும்பகுதி நேரம் இந்தியாதான் முன்னால். கடைசி நிமிடங்களில் ஜங் குன் லீ என்ற கொரிய இளைஞர் பாடி வந்து ஆட்டத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார். 34-32. பூசான் நகரத்தின் டாங்யூய் பல்கலைக்கழகத்தில் கபடி பழகியவர் அவர். கண்மாய்க் கரம்பையைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார். கல்லூரியில் பாடமாகப் படித்து, இந்திய லீக்கில் ஆடித் தேறி, இந்தியாவையே தோற்கடித்தார். இந்தியா பிறகு சுதாரித்து அக்டோபர் 22 இறுதியில் ஈரானை 38-29 என்று வென்று கோப்பையைத் தக்கவைத்தது. அந்த வெற்றியின் ஆரவாரத்தில் தொடக்க ஆட்டத்தின் எச்சரிக்கை அமுங்கிப் போயிற்று.

அந்த நேரத்தில் நாசிக்கில் ஒரு பெண் பணி ஓய்வுக்குப் பின் வீட்டில் இருந்தார். ஷைலஜா ஜெயின். நாக்பூரில் பிறந்தவர், மகாராஷ்டிரத்தில் பல வருடம் பெண்களுக்குக் கபடி கற்றுக் கொடுத்தவர். இந்திய மகளிர் அணிக்குப் பயிற்சியளிக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அழைப்பு வரவேயில்லை. தங்கம் மேல் தங்கம் வாங்குகிற அணிக்கு இன்னொரு பயிற்சியாளர் எதற்கு என்று நினைத்தார்களோ என்னவோ. அழைப்பு ஈரானிலிருந்து வந்தது.

2017இல் அவர் தெஹ்ரான் போனார். அசைவத்தைத் தொடாதவருக்குச் சாப்பாடே போராட்டம். மொழி தெரியாது. வெளியே போனால் தலையில் முக்காடு. அவர் பின்வாங்கவில்லை. பாரசீகம் கற்றுக்கொண்டார். பெண்களுக்கு யோகாவும் மூச்சுப் பயிற்சியும் பழக்கினார். மல்யுத்தம் ஊறிய நாடு அது, உடம்பு வலுவுக்குக் குறைவில்லை. இந்தியப் பெண்கள் எப்படிப் பாடுவார்கள், எந்தக் காலை முதலில் நீட்டுவார்கள், எங்கே அவசரப்படுவார்கள் என்று உள்ளிருந்து அறிந்தவர் சொல்லித்தர வேண்டியதுதான் பாக்கி. ஒன்றரை வருடம் அதைச் செய்தார். 2018 ஆகஸ்டில் அணியோடு ஜகார்த்தா ஆசிய விளையாட்டுக்கு வந்து சேர்ந்தார்.

ஆகஸ்ட் 20இல் இந்திய ஆண்கள் அணி தென் கொரியாவிடம் 23-24 என்று தோற்றது. 1990 முதல் ஆசிய விளையாட்டில் தோல்வியே காணாத அணி. மூன்று நாள் கழித்து அரையிறுதியில் ஈரான் 27-18 என்று இந்தியாவை வெளியேற்றியது. ஏழு தங்கத்தின் வரிசை அங்கே அறுந்தது. பெண்கள் அணியாவது மானத்தைக் காக்கும் என்று நாடு நம்பியது. ஆகஸ்ட் 24, இறுதிப் போட்டி. 2010, 2014 இரண்டிலும் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் இடைவேளையில் 13-11 என்று முன்னால் இருந்தார்கள். எதிர்ப்பக்க நாற்காலியில் ஷைலஜா ஜெயின்.

இரண்டாம் பாதியில் ஈரான் பெண்கள் அவசரப்படவில்லை. பாடி வந்த இந்தியர்களை உள்ளே வரவிட்டுப் பொறுமையாக மடக்கினார்கள். ஒவ்வொரு புள்ளியாக ஆட்டம் நழுவியது. இறுதியில் 27-24. ஈரானுக்குத் தங்கம். நாசிக்கில் யாரும் கூப்பிடாமல் வீட்டில் இருந்த பெண் ஈரானிய மகளிருடைய முதல் கபடித் தங்கத்துக்குச் சொந்தக்காரரானார். ஓர் இந்தியர் ஜெயித்ததற்காகப் பெருமைப்படுவதா, இந்தியா தோற்றதற்காக வருந்துவதா என்று பத்திரிகைகள் திணறின. எனக்கு அதில் குழப்பம் இல்லை. கபடியில் பயிற்சியாளர் என்பவர் யார் என்று இந்தியாவுக்கு அன்று சொல்லிக் கொடுத்ததே அவர்தான். மெச்ச வேண்டிய வெற்றி அது. அவரை இங்கேயே உட்கார வைத்திருக்க வேண்டும் என்ற ஆற்றாமையும் சேர்ந்தே இருக்கிறது.

வெளிநாட்டு நாற்காலிகள் அதன்பின் கவனிக்கப்பட்டன. தென் கொரியாவில் பயிற்சி கொடுத்தவர்களில் ஒருவர் அஷன் குமார், அர்ஜுனா விருது பெற்ற பழைய இந்திய வீரர், ஹரியானாக்காரர். 2022 அக்டோபரில் ஒன்பதாவது புரோ கபடி தொடங்கியபோது தமிழ்த் தலைவாஸ் பரிதாபமான நிலையில் இருந்தது. அதுவரை ஒரு பருவத்திலும் லீக் சுற்றைத் தாண்டாத அணி. பெரும் விலை கொடுத்து வாங்கிய பவன் செஹ்ராவத் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். பயிற்சியாளரும் இடையில் விலகினார். நட்சத்திரமும் இல்லை, நாற்காலியும் காலி. அப்போதுதான் அஷன் குமாரைக் கூப்பிட்டார்கள்.

அவர் நட்சத்திரம் யாரையும் தேடவில்லை. நரேந்தர், சாகர், சாஹில் குலியா, அஜிங்கிய பவார் என்று இருந்த இளைஞர்களை வைத்தே ஆடினார். சாகரும் சாஹிலும் இரண்டு கார்னரிலும் பிடி போட, அணி மெல்ல மேலே ஏறியது. முதல் முறையாக நாக்அவுட் சுற்றுக்குள் நுழைந்தது. யூபி யோத்தாஸோடு ஆட்டம் 36-36 என்று சமனாகி, டைபிரேக்கரில் 6-4 என்று தலைவாஸ் தப்பியது. அரையிறுதியில் புனேரி பல்டனிடம் 37-39 என்று இரண்டே புள்ளியில் தோற்றது. தோல்விதான். ஆனால் அடுத்த பருவத்துக்கு நாற்காலியில் யார் என்ற கேள்விக்குத் தலைவாஸிடம் விடை தயாராக இருந்தது. பத்தாவது பருவத்திலும் கோட்டுக்கு வெளியே அஷன் குமார்தான் உட்கார்ந்திருந்தார்.